ஓசோன் வாங்கலையோ, ஓசோன்!

தரங்கம்பாடிக்குப் போனால் யாராவது ஒருவர் உங்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போய், "இந்தக் காத்துல ஓசோன் ஜாஸ்தி சார், நல்லா இழுத்து விடுங்க" என்பார். நானும் இழுத்தேன். கருவாட்டு வாசனை வந்தது. இரண்டு வறுத்தால் தேவலை என்றும் தோன்றியது.

வேதியியல் ஆசிரியர்கள் மன்னிக்கவும், மற்றவர்கள் அதிர்ச்சியடைய வேண்டாம். ஓசோன் வானத்து உச்சியில் இருந்தால் நமக்குக் குடை. மூக்குக்கு நேரே வந்துவிட்டால் நுரையீரலுக்கு வினை. அதைத்தான் நகரங்களில் காற்று மாசு என்று கணக்கெடுக்கிறார்கள். 'ஆஹா, கடல் வாசனை!' என்று நாம் சொக்கிப்போவது பெரும்பாலும் கடலின் நுண்ணுயிர்கள் தயாரிக்கும் ஒரு கந்தகச் சேர்மம். கடற்கரையில் ஓசோன் பொங்கி வழிகிறது என்பது விக்டோரியா காலத்து வெள்ளைக்கார டாக்டர்கள் நம்பிய கதை. அவர்களே அதைக் கைவிட்டு எத்தனையோ காலமாகிறது. நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம். பாரம்பரியத்தைக் காப்பது என்றால் சும்மாவா?

அடுத்தது பெயர். 'தரங்கம்பாடி என்றால் அலைகள் பாடும் ஊர்' என்று எந்தச் சுற்றுலாப் பிரசுரத்தைப் புரட்டினாலும் இருக்கும். கேட்கவே இனிக்கிறது. ஆனால் கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயிலில் இருக்கும் பாண்டியர் காலத்துக் கல்வெட்டு ஊரின் பெயரைச் 'சடங்கன்பாடி' என்கிறது. கூடவே குலசேகரன்பட்டினம் என்று இன்னொரு பெயர். எழுநூறு வருஷத்துக்கு முந்தைய கல்வெட்டில் அலையும் இல்லை, பாட்டும் இல்லை. அந்தக் கோயிலின் முன்பக்கத்தையே கடல் விழுங்கிவிட்டது. பாடுகிற அலை செய்கிற காரியமா அது?

போகட்டும். நான் சொல்ல வந்தது வேறு. இந்தச் சின்னப் பேரூராட்சிக்கு 'நீடித்து நிலைக்கும் சுற்றுலாத் திட்டம்' ஒன்று தேவை என்று இருபது வருஷமாகப் பேசுகிறார்கள். கருத்தரங்கு, சர்வே, வரைபடம், பவர்பாயிண்ட் எல்லாம் உண்டு. ஏதோ ஊருக்கு இப்போதுதான் திட்டம் என்ற ஒன்று அறிமுகமாகிறது என்று நினைத்துவிடாதீர்கள். நானூறு வருஷமாக அந்த ஊரின் பிரதான இறக்குமதியே வெளியூரில் போட்ட திட்டம்தான்.

முதல் திட்டத்தின் கன்சல்டன்ட் ஒரு டச்சுக்காரர். பெயர் மார்செலிஸ் டி போஷோவர். கண்டி அரசர் செனரத்தின் அரண்மனையில் சில காலம் இருந்து, இளவரசர் என்ற பட்டத்தோடு ஐரோப்பாவுக்குத் திரும்பினார். 'போர்ச்சுகீசியர்களை விரட்டக் கப்பல் கொடுங்கள், இலங்கை வியாபாரம் முழுக்க உங்களுக்கு' என்று சொந்த நாட்டில் சொல்லிப் பார்த்தார். டச்சுக்காரர்கள் விவரமானவர்கள், கண்டுகொள்ளவில்லை. ஆசாமி நேரே கோபன்ஹேகன் போனார். டென்மார்க்கின் நான்காம் கிறிஸ்டியன் பெரிய குடிகாரர், பெரிய கட்டடப் பிரியர், பெரிய ஆசைக்காரர். போஷோவருக்கு வேறென்ன வேண்டும்? பிரசுரத்தைப் படம்கூடப் பார்க்காமல் வாங்கிவிட்டார் மகாராஜா.

1618-ல் கப்பல்கள் கிளம்பின. தளபதி ஓவே கியெட்டே. வயது 23. இன்றைக்கு அந்த வயதுப் பையனை நம்பி நாம் பைக்கைக் கொடுக்கவே யோசிப்போம். அங்கே ஒரு கப்பற்படையையே கொடுத்தார்கள். வழியெல்லாம் நோய், சாவு. ஒன்றரை வருஷம் கடலில் உருண்டு 1620-ல் இலங்கை போய்ச் சேர்ந்தால், கையோடு கூட்டிவந்த கன்சல்டன்ட் வழியிலேயே காலமாகிவிட்டிருந்தார். சரி, ஒப்பந்தமாவது இருக்கிறதே என்று கண்டி அரசரிடம் நீட்டினால், "இதற்கெல்லாம் அந்த ஆளுக்கு நான் அதிகாரம் கொடுக்கவில்லையே" என்று கையை விரித்துவிட்டார் செனரத். டூர் ஏஜென்டைப் புதைத்துவிட்டு ஹோட்டல் வாசலில் போய் நின்றால், 'உங்க பேர்ல புக்கிங்கே இல்லீங்களே' என்கிற கதை.

இதற்கிடையில், முன்னோட்டமாக அனுப்பிய ஒரு சின்னக் கப்பலைக் காரைக்கால் பக்கத்தில் போர்ச்சுகீசியர்கள் மூழ்கடித்திருந்தார்கள். அதன் தலைவர் ரோலண்ட் கிராப்பே, கூட ஒரு டஜன் பேரோடு, சொட்டச் சொட்ட நனைந்து கரையேறினார். நம்மவர்கள் பிடித்துக்கொண்டு போய்த் தஞ்சாவூரில் ரகுநாத நாயக்கர் முன்னால் நிறுத்தினார்கள். தலை போகும் என்று பயந்தார் கிராப்பே. கிடைத்ததோ ஊர்! டென்மார்க்கின் முதல் இந்தியத் திட்டம் வெற்றி பெற்றதற்குக் காரணம், கப்பல் கவிழ்ந்ததுதான்.

ரகுநாத நாயக்கர் லேசுப்பட்டவர் அல்ல. கவிஞர், வீணைப் பிரியர் என்றுதான் நமக்குத் தெரியும். வீட்டு ஓனராகவும் கெட்டிக்காரர். நாகப்பட்டினத்தில் போர்ச்சுகீசியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே ஒரு குத்தகைக்காரன் இருந்தால் அவன் வைத்ததுதான் சட்டம். பக்கத்திலேயே இன்னொருவனைக் குடிவைத்தால் இரண்டு பேரும் ஒழுங்காக இருப்பார்கள். எனவே 1620 நவம்பரில் தரங்கம்பாடியை எழுதிக்கொடுத்தார். வருஷ வாடகை 3,111 ரூபாய் என்று கணக்கு. கூடவே டென்மார்க் ராஜாவுக்குத் தங்கத் தகட்டில் ஒரு கடிதம். அதை டேனிஷ் ஆவணக் காப்பகத்தில் இன்றைக்கும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். வாடகையைத்தான் அவ்வளவு பத்திரமாகக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

டேன்ஸ்பர்க் கோட்டை எழுந்தது. 'தரங்கம்பாடி' நாக்கில் புரளாமல் 'டிரான்கேபார்' ஆனது. அடுத்து வந்த தலைவர்களில் பெர்ன்ட் பெஸ்ஸார்ட் என்ற மகானுபாவரை மட்டும் கட்டாயம் சந்தித்துவிட வேண்டும். இவருடைய வளர்ச்சிக் கொள்கை மிக எளிது: கடன். அதை அடைக்க இன்னொரு கடன். கோட்டையில் காசில்லை, கப்பலில்லை, ஆளில்லை. இந்த நிலையில் ஒரு மனிதர் என்ன செய்வார்? நீங்களும் நானும் என்றால் ராத்திரியோடு ராத்திரியாக ஊரைக் காலி செய்வோம். பெஸ்ஸார்ட் 1642-ல் முகலாயப் பேரரசின் மீது போர் தொடுத்தார்!

ஆமாம், ஷாஜகான் மீதுதான். ஒரு பக்கம் தாஜ்மஹால் கட்டிக்கொண்டிருந்த பேரரசர். இன்னொரு பக்கம் கடன்காரர்களுக்குப் பயந்து கொண்டிருந்த ஒரு கடற்கரைக் கிராமத்து மேனேஜர். வங்கக் கடலில் போன முகலாயக் கப்பல்களைப் பிடித்து விற்றுச் சில காலம் ஓட்டினார்கள். அந்தப் போர், காகிதத்தில், 1698 வரை நடந்தது. தாய்நாட்டிலிருந்து வில்லெம் லேயெல் என்பவர் கணக்குப் பார்க்க வந்ததும் பெஸ்ஸார்ட் என்ன செய்தார் தெரியுமா? முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தார். ஓடிப்போனார்.

லேயெல் யோக்கியர். அதனாலேயே அவருடைய ஆட்களே கலகம் செய்து அவரை 1648-ல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆடிட்டருக்கு எந்த ஊரில்தான் மரியாதை?

இனி வருகிறவர்தான் என் ஹீரோ. எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே. சாதாரணக் குடும்பம். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்கிறார்கள். 1655-ல் மேலே இருந்தவர்கள் ஒவ்வொருவராக மண்டையைப் போட்டபின், கோட்டையில் மிச்சமிருந்த ஒரே டேனிஷ்காரர் இவர்தான். எனவே இவரே கவர்னர், இவரே தளபதி, இவரே பொதுமக்கள்.

டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல் வரும் என்று காத்திருந்தார்கள். ஒரு வருஷம், இரண்டு வருஷம் இல்லை. மொத்தம் 29 வருஷம் அந்தப் பக்கமிருந்து ஒரு கப்பலும் கிளம்பவில்லை. ஐரோப்பாவில் போரில் மூழ்கியிருந்த டென்மார்க், இப்படி ஓர் ஊர் தன்னிடம் இருப்பதையே கிட்டத்தட்ட மறந்துவிட்டது. நாம் சட்டைப் பையில் பத்து ரூபாயை மறப்பது போல. இதில் உச்சம் என்னவென்றால், கோங்ஸ்பாக்கே யாருக்காகக் காவல் காத்தாரோ அந்த டேனிஷ் வியாபாரக் கம்பெனியை 1650-லேயே கலைத்துவிட்டார்கள்!

வாடகை பாக்கிக்காகத் தஞ்சாவூர்ப் படை வந்து கோட்டையை முற்றுகையிட்டது, அதுவும் பலமுறை. மனிதர் உள்ளூர் ஆட்களை வைத்தே சமாளித்தார். கடலில் கப்பல்களை மடக்கிப் பிடித்தார் (இதை நிதி திரட்டல் என்றும் சொல்லலாம், கொள்ளை என்றும் சொல்லலாம்). அந்தக் காசில் கோட்டையைச் சரிசெய்து ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். கடைசியில் நாயக்கரோடு சமாதானமும் பேசி முடித்தார். 1669-ல் ஒருவழியாக ஒரு டேனிஷ் கப்பல் வந்தது. கொடி பறந்துகொண்டிருந்தது. கப்பலில் வந்தவர்கள் அசந்துபோய், 'இனி நீங்கள்தான் இங்கே கவர்னர்' என்றார்கள். பதினாலு வருஷமாக வேறு யார் இருந்ததாக அவர்கள் நினைத்தார்களோ!

பட்ஜெட் இல்லை, கன்சல்டன்ட் இல்லை, தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சர்க்குலர்கூட இல்லை. உள்ளூர் ஆள், உள்ளூர்ப் பொருள், உள்ளூர்ப் பேச்சுவார்த்தை. 'நீடித்து நிலைப்பது' என்று இன்றைக்கு ஏசி அறையில் எதற்கு விளக்கம் தேடுகிறார்களோ, அதை ஒரு தற்குறி மனிதர் பதினாலு வருஷம் செய்து காட்டியிருக்கிறார். நான் தேடின மட்டில் ஊரில் அவர் பெயரில் ஒரு சந்துகூடக் கண்ணில் படவில்லை.

சீகன்பால்குவுக்கு நல்லவேளையாகச் சிலை இருக்கிறது. டென்மார்க் ராஜா அனுப்பி 1706-ல் வந்த ஜெர்மன் பாதிரியார். வந்து இறங்கியதுமே உள்ளூர் டேனிஷ் கமாண்டர் ஹாசியஸுக்கு இவரைப் பிடிக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்துத் தூக்கி நாலு மாதம் கோட்டைக்குள் அடைத்தும்விட்டார். ராஜாவின் விருந்தாளி, ராஜாவின் சிறையில்! ஹெட் ஆபீசும் பிராஞ்ச் ஆபீசும் பேசிக்கொள்வதில்லை என்ற புகார் நம் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல.

தமிழ் கற்க சீகன்பால்கு செய்தது எனக்கு மிகவும் பிடித்த காரியம். திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரைத் தன் இடத்துக்கே வரவழைத்து, பொடிப்பசங்களோடு பசங்களாக உட்கார்ந்து மணலில் விரலால் 'அ' எழுதினார். சில வருஷங்களில் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூலையே எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். ஹாலே நகரத்து மிஷன் பெரியவர்கள் அரண்டுபோனார்கள். 'உம்மை அனுப்பியது அங்கே உள்ளதை ஒழிக்க, இங்கே கொண்டுவந்து பரப்ப அல்ல' என்கிற தோரணையில் புத்தகத்தை மூட்டைகட்டிப் போட்டார்கள். அது அச்சேற 1867 ஆனது. உள்ளூரை விசாரித்து எழுதிய அறிக்கைக்கு அன்றும் அதே அலமாரிதான்.

அச்சகக் கதையையும் விடக் கூடாது. ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் தடித்தடியாக இருந்தன. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தால் இருக்கிற காகிதமெல்லாம் தீர்ந்துவிடும். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக் கட்டியைச் சுற்றியிருந்த ஈயத் தகட்டை உருக்கிச் சின்ன எழுத்துகள் வார்த்தார்கள் என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. மறுசுழற்சி என்ற சொல்லே இல்லாத காலத்தில் மறுசுழற்சி. சீஸை யார் தின்றார்கள் என்ற முக்கியமான தகவல் மட்டும் கிடைக்கவில்லை.

1845-ல் டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றது. இன்றைக்கு அந்தக் காசுக்கு ஈ.சி.ஆரில் எத்தனை சென்ட் தேறும் என்று உங்கள் புரோக்கரைக் கேட்டுப் பாருங்கள். வாங்கியவர்களும் வைத்து வாழவில்லை. 1861-ல் ரயில் நாகப்பட்டினத்துக்குப் போனது, வியாபாரமும் அந்த ரயிலிலேயே ஏறிப்போனது. பிறகு ஒரு காலத்தில் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கும் ஒரு ரயில் விட்டார்கள். 1980களில் அதையும் மூடிவிட்டார்கள்.

ஆனால் ஒன்று. அந்தக் கைவிடல்தான் ஊரைக் காப்பாற்றியது. காசு வந்திருந்தால் ராஜ வீதியில் நாலு மாடி ஷாப்பிங் காம்ப்ளக்ஸ் வந்திருக்கும். 1792-ல் கட்டிய நுழைவாயில் வளைவை லாரி இடிக்கிறது என்று எப்போதோ பெயர்த்திருப்பார்கள். இடிக்கக் காசில்லாத ஊருக்குத்தான் பிற்காலத்தில் 'பாரம்பரிய நகரம்' என்று பட்டம் கிடைக்கிறது.

2004 டிசம்பர் 26, சுனாமி. அந்த நாளில் மட்டும் என் கிண்டலுக்கு வேலையில்லை. கோட்டைக்குப் பக்கத்து மீனவர் தெருக்கள் போயின. ஏராளமான உயிர்கள் போயின.

அதன்பிறகு வந்தன திட்டங்கள், அலை அலையாக. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் உள்ளே தள்ளிப் போனால் அரசு வீடு தரும், பழைய இடத்தை அரசிடம் விட்டுவிட வேண்டும். அங்கேயே இருப்பேன் என்றால் வீட்டைச் சொந்தக் காசில் சரிசெய்துகொள்ள வேண்டும். இதுதான் அப்போதைய விதி. பாதுகாப்புக்காகத்தான், தப்பில்லை. அதே கடலோரத்தில் பழைய பங்களா ஒன்று பாரம்பரிய ஹோட்டலாக ஜொலிக்கிறது. அதிலும் சட்டப்படி தப்பில்லை, அது ஏற்கெனவே இருந்த கட்டடம். ஆனால் கடலில் பிழைக்கிறவன் கடலை விட்டுத் தூரத்திலும், கடலைப் பார்க்க மட்டும் வருகிறவன் கடலை ஒட்டியும் படுப்பது கொஞ்சம் விசித்திரமான ஏற்பாடு.

இன்டாக் அமைப்பு, டேனிஷ் தேசிய அருங்காட்சியகம், தொல்லியல் துறை எல்லோரும் நல்ல வேலை செய்திருக்கிறார்கள். அதைச் சொல்லாமல் போனால் பாவம். கோட்டையும் கவர்னர் பங்களாவும் எழுந்து நிற்கின்றன. கோல்ட்ஸ்மித் ஸ்ட்ரீட்டில் சில தமிழ் வீடுகளைப் பழைய முறையிலேயே புதுப்பித்திருக்கிறார்கள். திண்ணை, மரத்தூண், முற்றம், ஓடு, சுண்ணாம்புப் பூச்சு. சுண்ணாம்புச் சாந்து என்றால் மூட்டையைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றுகிற சமாச்சாரமில்லை. நீற்றிப் புளிக்கவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைக்க வேண்டும். அதற்குக் கொத்தனார் கிடைப்பது மாப்பிள்ளை கிடைப்பதை விடக் கஷ்டம். டேனிஷ் காசு இல்லாத அடுத்த வீட்டுக்காரர் என்ன செய்வார்? மொட்டைமாடி கான்கிரீட் போட்டு, வாசலில் பளபளவென்று டைல்ஸ் ஒட்டுவார். ஒட்டியிருக்கிறார். நாம்தான் அதைப் பார்த்து 'ச்சே, அழகு போச்சே' என்கிறோம், நம் வீட்டு டைல்ஸ் தரையில் உட்கார்ந்துகொண்டு.

ஒரு டேனிஷ் மானுடவியலாளர் இந்த ஊரைப் பற்றி 2014-ல் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பிலேயே 'யாருடைய வரலாறு?' என்ற கேள்வி இருக்கிறது. கோட்டை வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்றால் பதில் தெரியும்: யாருடையதும் இல்லை. திருக்கடையூரில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் முடித்த குடும்பம், வேன் அடுத்து திருநள்ளாறு போகும் முன் முக்கால் மணி நேரம் இறங்குகிறது. பீரங்கி மேல் பேரன், பேரன் மேல் போன். ஏழு செல்ஃபி. சென்னையில் வாங்கிய சிப்ஸ், சென்னையில் வாங்கிய தண்ணீர். ஊருக்குக் கிடைத்தது காலி பாட்டிலும் காலி பாக்கெட்டும். அந்தப் பேரனைப் போல நானும் முன்பு பீரங்கி மேல் உட்கார்ந்தவன்தான், அதனால் ரொம்பவும் பேசக் கூடாது.

நோட்டும் பேனாவுமாகக் கடற்கரைக்குப் போனபோது, ஃபைபர் படகின் நிழலில் ஒரு பெரியவர் கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சர்வேயா தம்பி?" என்றார்.

"இல்லீங்கய்யா, சும்மா எழுதலாம்னு."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. சுனாமிக்கு அப்புறம் மொதல்ல வந்தவங்க அரிசி குடுத்தாங்க. அடுத்து வந்தவங்க வீடு குடுத்தாங்க. அதுக்கப்புறம் வர்றவங்க எல்லாரும் கேள்விதான் குடுக்குறாங்க."

நான் ஒரு கேள்வியை நோட்டுக்குள்ளேயே மடக்கி வைத்தேன். அவர் விடவில்லை. "கோட்டைக்கு முன்னாடி மீன் காயப்போட்டா பார்வைக்கு நல்லா இல்லைன்னு யாரோ வந்து சொல்லிட்டுப் போனாங்க. மீன் காயுற எடத்துலதான் தம்பி கோட்டை கட்டுனாங்க."

கியெட்டே, பெஸ்ஸார்ட், பவர்பாயிண்ட் எல்லோரையும் ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு எழுத வேறொன்றும் மிச்சமில்லை. எழுந்தேன்.

"எழுதுனா ஒரு காப்பி அனுப்புங்க தம்பி. இதுவரைக்கும் வந்தவங்க யாரும் அனுப்புனதில்ல."

இந்த இதழில் ஒன்றை அவருக்கு அனுப்பப் போகிறேன். நீங்கள் அந்தப் பக்கம் போனால் ஓர் இரவு தங்குங்கள். தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருந்தே நிரப்பிக்கொள்ளுங்கள், திரும்பக் கொண்டும் வந்துவிடுங்கள். கருவாடு அங்கேயே வாங்குங்கள். ஓசோன் இலவசம்.